தடுத்த பாட்டைத் திரும்பக் கேட்டோம்: வியாசர்பாடிப் படிப்பகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பில் சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இல்லை. பாடகரைப் பாடகர் என்றும், அவர் பாட்டில் பெயர் வந்த பெண்ணை அந்தப் பெண் என்றும் எழுதுகிறேன். அந்தப் பாட்டின் முதல் அடியைக்கூடத் தரவில்லை. தந்தால் யாராவது போனில் தேடி எடுத்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். 2016-இல் எங்கள் படிப்பகம் ஒரு கானா பாடகரை மேடையேறவிடாமல் நிறுத்தியது. 2023-இல் அதே படிப்பகத்தில் அவருக்கு விருது கொடுக்க வேண்டும் என்று கோரிக்கை வந்தது. இரண்டு முறையும் நான் குழுவில் இருந்தேன். முதல் முறை நிறுத்தச் சொன்னதே நான்தான். வேறு இடங்களிலும் இப்படி ஒரு கேள்வி வரும் என்பதால் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

வியாசர்பாடியில் கால்வாயோரம் உள்ள ஹவுசிங் போர்டு குடியிருப்பில், தரைத்தளத்து அறை ஒன்றுதான் படிப்பகம். இரண்டு பீரோ, ஓர் அம்பேத்கர் படம், மாலையில் நாற்பது பிள்ளைகள். 2009 முதல் இங்கே வகுப்பு எடுக்கிறேன். வருடா வருடம் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று தெருவை அடைத்து மேடை போடுவோம்.

கானா எங்கே பிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மூத்த பாடகர்கள் சிலர் குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தங்கள் முன்னோராகச் சொல்வதுண்டு. 1792 முதல் 1838 வரை வாழ்ந்த சூஃபி அவர். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையில் தங்கி, இங்கேயே அடக்கமானவர். தொண்டியார் இருந்த பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்று இங்கே சிறு பிள்ளையும் சொல்லும். பாட்டுக்கும் அவருக்கும் நேர்த்தொடர்பு உண்டோ இல்லையோ, சாவை முன்னால் வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பாடும் பழக்கம் இந்த மண்ணில் பழையது.

மரண கானா சாவு வீட்டில் பாடுவது. உடல் வீட்டில் இருக்கும் இரவில் பந்தலின் கீழ் டோலக்கும் சட்டியுமாக உட்காருவார்கள். செத்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, பெண்டாட்டி பிள்ளைகள், அண்ணன் தம்பி, எப்படிப் போனார் என்பதெல்லாம் பாட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் “எங்க பேரு எங்கே?” என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே ஒவ்வொரு மரண கானாவும் ஒரே ஒருவருக்காகக் கட்டப்பட்டது. இது பின்னால் நாங்கள் புரிந்துகொண்ட விஷயம். 2016-இல் எங்களில் யாரும் இப்படி யோசிக்கவில்லை.

பாடகருடைய அப்பா பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் மில் தொழிலாளி. எங்கள் வாயில் அது பின்னி மில். நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் மில் மூடியபோது பாடகருக்குப் பதினாறு வயது. அப்பா வீட்டில் உட்கார்ந்தார், பிள்ளை சாவு வீடுகளில் பாடப் போனார். 2006-இல் சினிமாவில் ஒரு கானா ஊரெல்லாம் ஒலித்தபின், இங்கிருந்த பாடகர்கள் எல்லாருக்கும் ஒரு கதவு திறந்ததுபோலத் தோன்றியது. அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அடுத்து யூடியூப் வந்தது. 2014, 2015 வாக்கில் அவருடைய பாட்டுகள் ஆட்டோவிலும் கல்யாண மண்டபத்திலும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வாயிலும் இருந்தன.

இரண்டு பாட்டுகள்தான் சர்ச்சை. ஒன்று, 2014-இல் வெட்டிக் கொல்லப்பட்ட ஒரு பையனைப் பற்றியது. கத்தி, கெத்து, எதிரிக்கு எச்சரிக்கை என்று நாலு நிமிடம் ஓடும். மற்றொன்று ‘லவ் ஃபெயிலியர்’ பாட்டு. தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பற்றிப் பாடச் சொல்லி ஒரு பையன் பணம் கொடுத்திருந்தான். அவள் பெயர் பாட்டில் பதினோரு முறை வருகிறது. அவள் ஏறும் பஸ் நம்பரும் வருகிறது.

அந்தப் பெண் எங்கள் படிப்பகத்தில் படித்தவள். அப்போது 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பஸ் ஸ்டாப்பில், தண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கும்போது, கடைக்குப் போகும்போது என்று எங்கே போனாலும் அவளைப் பார்த்துப் பையன்கள் அதைப் பாடினார்கள். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் பெயர் இன்னும் நாலு பேருக்குத் தெரியும் என்று வீட்டில் பயந்தார்கள். படிப்பு நின்றது. குடும்பம் வேறு ஏரியாவுக்கு வீடு மாறியது.

2016: நிறுத்தினோம்

அந்த ஏப்ரலில் இளைஞர்கள் பாடகரை அழைத்து, ஃப்ளெக்ஸும் அடித்துவிட்டார்கள். குழுக் கூட்டத்தில் நான் எதிர்த்தேன். ஏழு பேர் கொண்ட குழுவில் நான் ஒருத்திதான் பெண். அரை மணி நேரத்தில் முடிவாகியது. மினிட் நோட்டில் அன்று எழுதியது இப்போதும் இருக்கிறது: “பெண்களின் எதிர்ப்பு காரணமாகவும், அன்னாரது பாடல்கள் இளைஞர்களைக் கெடுப்பதாலும் நிகழ்ச்சி ரத்து செய்யப்படுகிறது.”

பெண்கள் என்று எழுதியிருக்கிறதே, அது நான் ஒருத்தி. அந்தப் பெண்ணைப் பற்றி அந்த நோட்டில் ஒரு சொல் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் மேடை அழுக்காகக் கூடாது என்பதுதான் அன்றைய கவலை. அந்தக் கவலை தவறல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தது தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்திப் பாட்டின் அந்த நாலு நிமிடத்தைத் தவிர அவருடைய வேறு எந்தப் பாட்டையும் அன்று நான் முழுதாகக் கேட்டதில்லை.

இடையில் காற்று மாறியது

2017-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை சேர்ந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறை மேடையேறியபோது எங்கள் தெருவிலிருந்து வேன் வைத்துப் போனோம். அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ராயபுரத்தில் வளர்ந்த ஒரு பெண் கானா பாடி அங்கே போனதை எங்கள் வகுப்பில் கைதட்டிக் கொண்டாடினோம். அதே ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசைவிழா தொடங்கியது. சபாக்களுக்கு மட்டும் உரியதாக இருந்த மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் ஒலித்தன.

இதெல்லாம் நியாயமாகக் கிடைக்க வேண்டிய மரியாதை, அதுவும் தாமதமாகக் கிடைத்தது. ஆனால் இந்தக் காற்றில் எங்கள் பாடகரும் வேறு ஆளாகத் தெரியத் தொடங்கினார். தென்சென்னை அரங்குகளில் கூப்பிட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். விளிம்பின் குரல் என்றார்கள். அந்தக் கட்டுரைகளிலும் அந்தப் பெண் இல்லை. எங்கள் மினிட் நோட்டைப் போலவே.

2023 ஜனவரி: கோரிக்கை

படிப்பக இளைஞர்கள் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். 2016-இல் செய்தது சாதிப் பார்வை, கானா என்றாலே ரவுடிப் பாட்டு என்று ஊர் சொன்னதை நாமே நம்பினோம், அதற்குப் பரிகாரமாக ஏப்ரல் 14 அன்று பாடகருக்கு விருது கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தில் கோபம் இருந்தது, பாதி உண்மையும் இருந்தது. எனக்குத் தூக்கம் போனது.

குழுவில் இரண்டு கட்சி. ஒருவர் “பாட்டை வேற, ஆளை வேறன்னு பாருங்க” என்றார். இன்னொருவர் “பொண்ணு பேரைப் பாடுனவனுக்கு மாலையா?” என்றார். நான் இரண்டாவது கட்சி. மூன்று மணி நேரம் பேசியும் முடிவுக்கு வரவில்லை. அப்போது கூட்டத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி, கேட்டார்: “எத்தினி பாட்டு பாடியிருப்பான்? நீங்க எத்தினி கேட்டீங்க?” இருந்தவர்களில் அதிகம் கேட்டவர் ஒன்பது பாட்டு கேட்டிருந்தார்.

அங்கேதான் முதல் முடிவு எடுத்தோம். விருதும் இல்லை, மறுப்பும் இல்லை. ஏப்ரலைக் கடந்து தள்ளிப்போடுவது. கிடைக்கும் எல்லாப் பாட்டையும் முழுதாக, ஒவ்வொன்றாகக் கேட்பது. ஒவ்வோர் அமர்விலும் குறைந்தது இரண்டு பெண்கள் இருப்பது. ஆள் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை எடுத்துவைத்துவிட்டு, இந்தப் பாட்டு யாருக்காகக் கட்டியது, யாரைப் பற்றியது, கட்டியபின் அவர்களுக்கு என்ன ஆனது என்ற மூன்றை மட்டும் கேட்பது. கையெழுத்துப் போட்ட இளைஞர்களுக்கு இது இழுத்தடிப்பாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் நியாயம் உண்டு, ஏனென்றால் எங்கள் குழு பல விஷயங்களை இப்படித்தான் இழுத்தடித்திருக்கிறது.

கேட்டபோது கண்டவை

யூடியூபில் இருந்தவை இருபது பாட்டுகூட இல்லை. மீதி சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவரிடம் கிடைத்தன. 2000-க்குப் பிறகு பல வருடம் சாவு வீடுகளில் மைக் கட்டியவர் அவர். டேப் ரிக்கார்டரையும் சேர்த்துப் போட்டுவிடுவாராம். பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் அவர் கடைக்குள் வந்தபோது கீழே இருந்த ஆம்ப்ளிஃபயர் போனது, மேலே இருந்த பெட்டி தப்பியது. உள்ளே முப்பத்தொரு கேசட்.

பாதியில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. நான்கு மூலைத் திருகையும் நடுத் திருகையும் கழற்றி, நாடாச் சுருள் இரண்டையும் அப்படியே தூக்கி வேறு கூட்டில் வைத்தார். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பலவற்றில் உதிர்ந்துபோயிருந்தது. நல்ல கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கினார். பழைய டெக்கில் ஓடவிட்டு லேப்டாப்பில் ஏற்றினோம். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலை. மொத்தம் 41 பாட்டு சேர்ந்தது.

கேசட்டில் பாட்டோடு சாவு வீடும் இருந்தது. “டீ வருது, தள்ளு தள்ளு” என்று ஒரு குரல். நடுவில் யாரோ ஒரு பெண் மூச்சு வாங்கி மறுபடி அழுகிறாள், அவள் அழுது முடிக்கும்வரை டோலக் அடி மெதுவாகிறது, பாடகர் காத்திருக்கிறார். பிறகு அவள் சொன்ன வார்த்தையையே எடுத்து அடுத்த அடியாகப் பாடுகிறார். இதை மூன்று கேசட்டுகளில் கவனித்தோம். ஒப்பாரி வைப்பவளின் சொல்லை வாங்கி மெட்டில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர் முறை. கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி “அது எங்க வூட்டு சாவு” என்று எழுந்து நின்றார்.

ஒன்பதாம் கேசட் ஒரு மில் தொழிலாளிக்காக, 2003-இல் பாடியது. மகன் குரலில் வருகிறது:

சங்கு ஊதி எழுப்பிவுட்ட மில்லு – எங்க
நைனாக்கு சங்கு ஊத வந்துச்சா சொல்லு

ஷிஃப்டுக்குக் கூப்பிட்ட மில் சங்கையும் பாடைக்கு முன்னால் ஊதும் சங்கையும் ஒரே சொல்லில் கோத்திருந்தார். மில் மூடியதைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு இறுக்கமாக ஒரு வரி கண்டதில்லை. அந்த நாற்பத்தொன்றில் இருபத்தாறு மரண கானா. டிபியில் போனவர், மெட்டு போடும்போது மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாட்டிலேயே சொல்லப்படுபவர், பிரசவத்தில் போன பெண், சாக்கடைக்குள் இறங்கி மூச்சு முட்டிப் போன இரண்டு பேர். எந்தச் செய்தியிலும் வராத சாவுகள். குடியிருப்பின் பத்து வருட இறப்புப் பதிவேடு அது. அதை எங்கள் தெருவிலேயே வைத்துக்கொண்டு ஏழு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

கத்திப் பாட்டும் அந்தப் பெட்டியில் இருந்தது. ஆனால் இருபத்துமூன்று நிமிடம். கொலையான பையனின் அம்மா கேட்டுக்கொண்டதால் பாடிய மரண கானா அது. முதல் பகுதி நண்பர்கள் குரல், கெத்தெல்லாம் அங்கே. நடுவில் கொலை. கடைசி ஒன்பது நிமிடம் அம்மாவின் குரல்:

ஊட்டி வளத்த வாயிக்கு
வாய்க்கரிசி போட்டனே
வெட்டினவன் ஆத்தாவும்
என்னப்போல தூங்கல

யாரோ முதல் நாலு நிமிடத்தை மட்டும் வெட்டி, கத்திப் படங்களைச் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். நான் 2016-இல் எதிர்த்தது அந்த நாலு நிமிடத்தை. மீதியைக் கேட்ட அன்று அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைப் பற்றிய பாட்டைக் கேட்டோம். அதற்கு மறுபாதி எதுவும் இல்லை. முழுப் பாட்டும் அதுதான். பெயர், பெயர், பெயர். மரண கானாவில் ஒருவரை மறக்கவிடாமல் வைத்திருக்கிற அதே உத்தி, இங்கே ஒருத்தியை ஒளியவிடாமல் துரத்துகிறது. திறமை குறைந்த பாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காது. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை இதுதான்.

அவருடைய தாக்கம் என்று எல்லாரும் சொன்னதை எங்கள் வகுப்பறையிலேயே பார்க்க முயன்றோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தெருவில் பைக் ஏறிச் செத்த நாய்க்கு மரண கானா கட்டியிருந்தான். யார் யார் சோறு வைத்தார்கள், ராத்திரி எந்தப் படிக்கட்டில் படுக்கும், எந்தப் போலீஸ்காரரைப் பார்த்துக் குரைக்காது என்று எல்லாம் அதில் இருந்தது. இது அவரிடமிருந்து வந்தது. இன்னொன்றும் அவரிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன்கள், ஒரு பெண் பிள்ளை கடந்துபோகும்போது வார்த்தையில்லாமல் ஒரு மெட்டை முனகுகிறார்கள். அந்தப் பாட்டின் மெட்டு. அது யாரைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரியாது, பாட்டு வந்தபோது நாலு வயது அவர்களுக்கு. மெட்டு மட்டும் தெரியும், அது எதற்குப் பயன்படும் என்பதும் தெரியும்.

என் தவறு

அந்தப் பெண்ணிடம் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்று மார்ச்சில் முடிவானது. பேசும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவள் நம்பர் என்னிடம் இல்லை. அவளுடைய பெரியம்மா மகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: பழைய பாட்டு விஷயமாகப் பேச வேண்டும், நம்பர் தர முடியுமா என்று. அவன் அதை அப்படியே அவள் புகுந்த வீட்டு நம்பருக்கு அனுப்பிவிட்டான். அந்த போன் மாமியாரிடம் இருந்தது. கணவருக்கு முன்பே தெரியும். மாமியாருக்கு அன்றுதான் தெரிந்தது.

இரவு பத்தரைக்கு அவள் கூப்பிட்டாள். “எட்டு வருஷம் கழிச்சு ஏன் மிஸ் தோண்டுறீங்க? அன்னிக்கு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். உன் மாமியாரிடம் நான் வந்து பேசவா என்றேன். வேண்டாம் என்றாள்.

மூன்று வாரம் கழித்து அவளே மறுபடி பேசினாள். அவள் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன். “அவர் பாடுனது ஒரு வாட்டி மிஸ். தெரு பாடுனது ரெண்டு வருஷம். நீங்க யாரை விசாரிக்கிறீங்க?” பிறகு கேட்டுக்கொண்டவை: பாட்டு இறங்க வேண்டும். தன் பெயரை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லக் கூடாது, அனுதாபமாகக்கூட. கடைசியாக, “அவருக்கு மேடை குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். அதுக்கு என்னைக் காரணம் காட்டாதீங்க.”

மே மாதம்: பாடகரோடு

சவுண்டு சர்வீஸ் கடையில் சந்தித்தோம். நாங்கள் நாலு பேர், அவர் தனியாக வந்தார். கேசட் பெட்டியைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் தொட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்து, இது யார் சாவு, அன்று மழை, இன்னார் சட்டி அடித்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் அப்படியே போனது.

கத்திப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். “முழுசா கேட்டீங்களா அக்கா?” என்றார். இப்போதுதான் கேட்டோம் என்றேன். “பதினாறுல கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லாதது எனக்கு அதிகமாக வலித்தது.

மற்ற பாட்டைப் பற்றிக் கேட்டபோது வெகு நேரம் பேசவில்லை. “மூவாயிரம் ரூபா குடுத்தாங்க. வூட்ல அன்னிக்கு அரிசி இல்ல. ஆனா அதைக் காரணமா சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சி கூட எனக்குத் தெரியாது.” பிறகு ஒரு யோசனை சொன்னார்: மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுப் போடுகிறேன், அதே மெட்டில், ஊரெல்லாம் கேட்கட்டும். எங்களில் ஒருவர் நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார். நான் மறுத்தேன். மன்னிப்புப் பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு பேர் பழைய பாட்டைத் தேடிப் போவார்கள், யார் அவள் என்று மறுபடி கேட்பார்கள். பாடகருக்கு இது பிடிக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சது பாட்டு ஒண்ணுதானேக்கா, வேற எதால மன்னிப்பு கேக்குறது?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனாலும் அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எடுத்த முடிவுகள்

ஜூனில் குழு முடிவெடுத்தது. விருது இல்லை. அதற்குக் காரணமாக மினிட் நோட்டில் அந்தப் பெண்ணை எழுதவில்லை. விருது என்பது ஆளுக்குக் கொடுப்பது, நாங்கள் எடை போட்டது பாட்டுகளை, ஆகவே விருது பற்றிய தீர்மானம் எங்களிடம் இல்லை என்று எழுதினோம். 2016 தீர்மானத்தின் பக்கத்தில், அது முழுப் பாட்டைக் கேளாமல் எடுக்கப்பட்டது என்றும், ‘பெண்கள்’ என்று எழுதியது ஒருவரின் கருத்து என்றும் நான் கையெழுத்திட்டுக் குறிப்பு எழுதினேன். இருபத்தாறு மரண கானாக்களையும் குடும்பங்களின் சம்மதத்தோடு படிப்பகத்தில் பாதுகாப்பது, விரும்பிய குடும்பங்களை வைத்து ஓர் இரவு கேட்பது. அந்தப் பெண்ணைப் பற்றிய பாட்டை எங்கள் சேகரிப்பிலிருந்து நீக்குவது. வருங்கால ஆய்வுக்காக ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். யாருடைய ஆய்வுக்கு, யாருடைய செலவில் என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

பின் நடந்தவை

பாடகர் தன் சேனலிலிருந்து அந்தப் பாட்டை அன்றே இறக்கினார். மற்றவர்கள் ஏற்றிய பிரதிகள் பதினான்கு கண்டுபிடித்தோம். அவரே தன் பெயரில் புகார் கொடுத்தும், போன் செய்து கேட்டும் ஒன்பது இறங்கின. ஐந்து இன்னும் இருக்கின்றன.

கடிதம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் படிப்பகத்தை விட்டு விலகினார்கள். வேறு தெருவில் மேடை போட்டு, ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்து அவருக்கு விருது கொடுத்தார்கள். அவர் போய் வாங்கிக்கொண்டார். அது அவர் உரிமை.

கேட்கும் இரவை டிசம்பர் 9 என்று வைத்திருந்தோம். அந்த வாரம் மிக்ஜாம் புயல் மழையில் படிப்பகத்துக்குள் தண்ணீர் வந்தது. தகரப் பெட்டி இந்த முறையும் உயரத்தில் இருந்தது. 2024 ஜனவரி 20-க்குத் தள்ளினோம். கத்திப் பாட்டை முழுதாகப் போடலாமா என்று இரண்டு அம்மாக்களிடமும் முன்பே கேட்டிருந்தோம். கொன்றவனின் அம்மா இரண்டு பிளாக் தள்ளி இருக்கிறார். கதவைப் பாதி திறந்து நின்று கேட்டுவிட்டு, “போடுங்க” என்றார். அன்று வரவில்லை. பையனின் அம்மா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார். முதல் நாலு நிமிடத்தில் பையன்கள் விசிலடித்தார்கள், கூடவே பாடினார்கள். தெரிந்த பகுதி முடிந்ததும் ஏழெட்டுப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். கடைசிப் பகுதியில் அந்த அம்மா பாட்டோடு சேர்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு சொல் மாறாமல்.

பாடகர் கடைசி வரிசையில் நின்றார். மேடை ஏறவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டில் மாமியார் இன்னும் அந்தப் பேச்சை எடுப்பதாகச் சொன்னாள். அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. மெட்டும் போகவில்லை. பெயரில்லாமல், இந்த மெட்டுக்குப் பின்னால் ஒருத்தி படிப்பை விட்ட கதை இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். சிலர் நிறுத்தினார்கள். போன மாதம்கூடப் படிக்கட்டில் கேட்டேன்.

மறுபடி இப்படி வந்தால்

பாட்டில் பெயர் வந்தவரிடம் முதலில் போவேன், மேடையைப் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே. அதுவும் உறவுக்காரர் வழியாக இல்லை. அவளுக்கு நெருக்கமான ஒரு பெண் மூலம், எழுத்தில் எதுவும் அனுப்பாமல், பேச விருப்பமா என்று மட்டும் கேட்பேன். விருப்பமில்லை என்றால் அத்தோடு விடுவேன்.

2016-இலேயே எடுத்திருக்க வேண்டிய வேலை, பாடியவர்களைப் பற்றியது. பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் பாடிய பையன்களில் சிலர் எங்கள் மாணவர்கள். அவர்களை நாங்கள் கூப்பிட்டுப் பேசவே இல்லை. பாடகர் ஒருவரைத் தடுத்ததும் எல்லாம் தீர்ந்ததுபோல இருந்துவிட்டோம். இப்போது அவர்களில் இருவர் குழந்தைகளைப் படிப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களோடு பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் வந்து உட்கார்ந்தார், மற்றவர் இன்னும் வரவில்லை.

பணம் கொடுத்துப் பாடச் சொன்னவனைப் பற்றி இந்தக் குறிப்பு முழுவதும் ஒரு வரியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை என்று இதைப் படித்த குழு உறுப்பினர் ஒருவர் சொன்னார். சரிதான். எங்கள் விவாதங்கள் எதிலும் அவன் வரவில்லை.

முப்பத்தொரு கேசட்டில் முப்பதுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பதினேழாவதில் மட்டும் தொடக்கம் அழிந்திருக்கிறது, பெயர் போயிற்று. ஒரு கிழவர், கைவண்டி இழுத்தவர், மூன்று பெண் பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை பாட்டில் இருக்கிறது. பாடகருக்கும் நினைவில்லை. மூலக்கொத்தளம் பக்கமிருந்து யாராவது பெரியவர்கள் வந்தால் அதைப் போட்டுக் காட்டுகிறோம்.